முகத்தை மூடாதே

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை விடியலில் பெத்தேலோ மூச்சு விட முடியாமல் குளியலறை வாசலில் விழுந்தார். அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

இன்றைக்கு ஞாயிறு. ஐ.சி.யூ.வில் வாயில் குழாயோடு, வென்டிலேட்டர் தள்ளும் மூச்சில் கிடக்கிறார். அவருடைய மகள் டாக்டர் தெலேசியாவின் மருந்து அவர் கை நரம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த மருந்து பலிக்காது என்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி இப்போது மாங்கெரேயில் இருக்கும் சமோவாக்காரர்கள் சர்ச்சில் வெள்ளை உடை உடுத்தி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

பாட்டு முடிந்தது. போதகர் பைபிளைத் திறக்கப் போனார். அதற்குள் அம்மா ஒலிதா எழுந்துவிட்டாள்.

ஒலிதா எழுந்தால் போதகர் உட்கார வேண்டியதுதான். அந்தச் சர்ச்சில் அது எல்லோருக்கும் தெரியும். போதகருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"எல்லாரும் என் புருஷனுக்காக ஜெபம் பண்றீங்க. நல்லா இருங்க. ஆனா நான் இப்போ அழறதுக்காக எந்திரிக்கல. சாட்சி சொல்ல எந்திரிச்சேன்."

தெலேசியா அம்மாவின் உடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உக்காரு" என்று முணுமுணுத்தாள். அம்மாவின் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"சமோவாவுல இருந்து வந்த புதுசுல அந்த ஆஸ்பத்திரியிலதான் நான் தரை துடைச்சேன். டாக்டருங்க வந்தா சுவரோட ஒட்டிக்குவேன். அவங்க ஷூவுல தண்ணி தெறிச்சிடக் கூடாதேன்னு பயம். இன்னைக்கு அதே ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரம்மா எம் பொண்ணைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு, 'இவங்க கண்டுபிடிச்ச மருந்தை உங்க வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா'ன்னு எங்கிட்ட கேக்கறாங்க! அப்பன் அவளுக்கு உயிர் கொடுத்தான். அவ இப்போ அப்பனுக்கு மூச்சு கொடுக்கறா. இதுக்கு மேல ஆண்டவர் என்ன அதிசயம் பண்ணிக் காட்டணும்?"

ஆமென் என்ற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசைத் தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. பின்னாலிருந்து யாரோ தெலேசியாவின் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். யாரோ அழுதார்கள்.

அவள் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். காது மடல் வரைக்கும் தீப்பிடித்த மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு படிச்சும் தலைய நிமிர்த்த மாட்டேங்கறா பாரு" என்றாள் பக்கத்து வரிசைக்காரி.

அந்தப் புகழ் அவளை எங்கெங்கோ குத்தியது.

தெலேசியாவின் வேலையைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஒரு தடவை சமையலறையில் வைத்துச் சொன்னதுதான். நுரையீரலில் இருக்கும் செல் ஒவ்வொன்றும் பக்கத்துச் செல்லோடு கை கோத்துக்கொண்டு நிற்கிறது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போதெல்லாம் அந்த வரிசை இழுபடுகிறது. ஓரளவு இழுத்தால் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் கையை விட்டுவிடும். விட்ட இடத்தில் தண்ணீர் கசிந்து நுரையீரல் நிறையும். பிழைக்க வைக்கிற மெஷினே சில பேரை மூழ்கடிப்பது இப்படித்தான்.

மெல்லிய ரப்பர் தாளில் செல்களை வளர்த்து, அந்தத் தாளை மூச்சு மாதிரி இழுத்து இழுத்து விடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு பழைய மருந்து, வேறு ஏதோ நோய்க்குக் கொடுப்பது, அதைச் சேர்த்தால் செல்கள் கையை விடவே இல்லை. படம் எடுத்தாள். மாநாடுகளில் காட்டினாள். கை தட்டினார்கள். அதை நம்பித்தான் ஐ.சி.யூ. தலைமை மருத்துவர் மொய்ரா பென்ஃபோல்ட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை ஆரம்பித்தார். அப்பாவுக்கு முன்னால் அதில் யாருமே சேரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் இழுக்கும் கருவியைத் தானே கழற்றித் துடைத்தாள். மருந்து போட்ட தாளைப் பிடிக்கும் பக்கத்தில் கவ்வி தேய்ந்திருந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் தாள் கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. மருந்து போட்ட செல்கள் கையை விடாமல் நின்றதற்குக் காரணம் மருந்து இல்லை. அவற்றை யாரும் ஒழுங்காக இழுக்கவே இல்லை.

புதுக் கவ்வி போட்டு இழுத்தாள். மருந்து இருந்த தாளிலும் இல்லாத தாளிலும் செல்கள் ஒன்று போலவே பிரிந்தன.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மொய்ராவிடம் சொல்லியிருப்பாள். சத்தியமாகச் சொல்லியிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலைதான் அப்பா விழுந்தார்.

மத்தியானம் ஐ.சி.யூ. வராந்தாவில் மொய்ரா சோதனையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா பாதியிலேயே நிறுத்தி, "இது எம் பொண்ணு மருந்துதானே?" என்று கேட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். அழுது வீங்கிய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

தெலேசியா தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான் செய்தாள். ஒரு தலையாட்டல்.

இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம், பழைய மருந்துதானே, பெரிய கெடுதல் செய்யாது என்று அதற்குப் பிறகு தனக்குத்தானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். எதுவும் உண்மை இல்லை. அம்மா முகத்து வெளிச்சத்தைத் தன் கையால் அணைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. உண்மை அதுதான்.

* * *

மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் யாகோபோ வேனை ஓட்டினான். லாவாலாவா வேட்டியும் டையும் கட்டிய சர்ச் கோலத்திலேயே இருந்தான். பின்னால் அலுமினியத் தட்டுகளில் சேமியாக் கறியும் சேப்பங்கிழங்கும் எண்ணெயில் பொரித்த பனிகேகே இனிப்பு உருண்டைகளும். சர்ச்சுக்காரர்கள் ஏற்றிவிட்டது.

"அப்பா கண்ணு முழிச்சா மொதல்ல எதைக் கேப்பார்?" என்றான்.

"என்னைத்தான்" என்றாள் அம்மா.

"உன்னையா? இந்தக் கறியத்தான் கேப்பார். அதுல உப்பு இல்லேன்னு அப்புறமா உன்னைக் கேப்பார்."

"வண்டிய ஒழுங்கா ஓட்டு. உன் வாய்க்கு வென்டிலேட்டர் வெக்கணும்."

அம்மா சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. பின்சீட்டில் தெலேசியாவின் ஃபோன் அதிர்ந்தது. மொய்ரா.

'உங்கள் அப்பாவின் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. வந்ததும் என்னைப் பாருங்கள்.'

அவள் ஃபோனைத் தொடையின் மேல் கவிழ்த்துப் போட்டாள். கண்ணாடியில் அண்ணன் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியா?"

"ம்."

"நல்ல சேதியா?"

"போய்ப் பாக்கலாம்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் அண்ணன் தங்கையைக் குடைந்து கேட்கமாட்டான், குரல் உயர்த்தமாட்டான். அவள் எதிரில் கெட்ட வார்த்தை பேசினால் அப்பா தொலைத்துவிடுவார். சின்ன வயதில் அதனால் அவள் தன்னை ராணி மாதிரி நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவன் கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்னடி மறைக்கிறாய் என்று ஒரு அதட்டு அதட்டினால் சொல்லிவிடுவாள்.

வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

* * *

அப்பாவின் கை வீங்கியிருந்தது. மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். தெலேசியா அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நெஞ்சு மெஷினின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. அந்தத் தாளம் அவளுடைய லேபில் தினமும் கேட்கிற தாளம். தாளை இழுக்கும் மோட்டாருக்கு அவளே வைத்த வேகம்.

மொய்ரா பென்ஃபோல்ட் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"காலையில இருந்து பிரஷர் இறங்கிட்டே இருக்கு, தெலேசியா. கிருமி பண்ற வேலையா இருக்கலாம். உங்க மருந்தா இருக்கலாம். அது பிரஷரை இறக்கும்னு நமக்குத் தெரிஞ்சதுதானே."

"ஆமா."

"மருந்தை நிறுத்தலாம். இல்லேன்னா பிரஷரை ஏத்தறதுக்கு இன்னொண்ணைப் போட்டுட்டு இதைத் தொடரலாம். அப்படித் தொடர்ந்தா கிட்னிக்கு அடி. உங்க செல்லு காட்டின பலன் நிஜமா அந்த அளவுக்குப் பெருசுன்னா அந்த அடியை வாங்கிக்கலாம். நீங்க குடும்பத்து ஆளு. முடிவு எடுக்கச் சொல்லல. முடிவு என்னோடது. ஆராய்ச்சி பண்ணினவங்கற முறையில கேக்கறேன். பலன் அவ்வளவு பெருசா?"

இதைவிட நேராக ஒரு கேள்வி கேட்க முடியாது. பதிலும் ஒரே வார்த்தைதான்.

அம்மா படுக்கையின் மறுபக்கம் நின்றாள். அப்பாவின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். சர்ச்சில் இருந்த அதே முகம்.

"இன்னும்..." என்றாள் தெலேசியா. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

"அப்போ தொடரலாங்கறீங்க."

"...ம்."

அவள் கையில் இருந்த அப்பாவின் கை கனத்தது. மெல்லக் கீழே வைத்துவிட்டாள். தொட்டுக்கொண்டிருக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மொய்ரா நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். "சரி. அப்போ பக்கத்து அறைக்காரருக்கும் அதையே பண்ணிடறேன். அவருக்கும் இப்படித்தான் இறங்குது."

"பக்கத்து அறைக்காரரா?"

"கிளைவ் ஓட்வே. நேத்துதான் சேர்ந்தார். அவர் மனைவி முதல்ல ஒத்துக்கல. அப்புறம் உங்கம்மா பேசினாங்களாம், தானா வந்து சரின்னு சொன்னாங்க." மொய்ரா அம்மாவைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். "எங்க டாக்டருங்களைவிட நல்லா விளக்கியிருக்கீங்க, ஒலிதா."

அம்மா பெருமையாகக் கையை வீசினாள். "ஐயோ, நான் என்னத்தைச் சொன்னேன்? எம் பொண்ணு மருந்து, என் புருஷனுக்கே கொடுக்கறாங்கன்னேன். அவ்வளவுதான்."

* * *

காத்திருப்பு அறை சர்ச்சாகவே மாறியிருந்தது. வெள்ளைத் தொப்பிகள், வெள்ளைச் சட்டைகள், கறி வாசனை. யாகோபோ எல்லோருக்கும் தட்டு பரிமாறிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கத்தில் கம்பளிச் சட்டையும் சேறு காய்ந்த பூட்ஸும் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, மடியில் பனிகேகேவோடு உட்கார்ந்திருந்தாள். தெலேசியாவைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்கதான் ஒலிதாவோட மக. ஃபோட்டோ காட்டினாங்க. நான் மேரியன் ஓட்வே."

கைகளைப் பிடித்துக்கொண்டாள். பால் கறந்து காய்த்துப்போன கைகள்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு காலையில இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். என் மக வேண்டாம்னுதான் சொன்னா. 'அப்பா என்ன சோதனை எலியா'ன்னு கத்தினா. எனக்கும் பயந்தான். கிளைவ் ஆஸ்பத்திரிப் பக்கமே வராத மனுஷன். கன்னு ஒண்ணு குளிர்ல விறைச்சுப் போச்சுன்னு அதைத் தூக்கிட்டு வந்து எங்க சமையல்கட்டுல ஹீட்டர் போட்டு வெச்சுட்டு, இவர் மழையில நனைஞ்சுட்டுப் போய் மத்ததைப் பாத்தார். கன்னு பொழைச்சுடுச்சு. இவர் இங்க கிடக்கார்."

சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது.

"உங்கம்மா சொன்னதும்தான் எனக்குத் தெம்பு வந்துச்சு. பொண்ணு சொந்த அப்பாவுக்கே கொடுக்கறான்னா அதுல சந்தேகப்பட என்ன இருக்கு?"

தெலேசியா கையை உருவிக்கொண்டாள். "ஒரு நிமிஷம்" என்றாள். அது வார்த்தையாக வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி நடந்தாள். ஐ.சி.யூ. கதவு திறப்பதற்குள் உயிர் போய் வந்தது. கை கழுவும் தொட்டியருகில் மொய்ரா நின்றிருந்தார்.

"மொய்ரா, நிறுத்துங்க. ரெண்டு பேருக்கும். அந்த மருந்து வேலை செய்யாது."

மொய்ராவின் கைகளில் சோப்பு நுரை. அப்படியே நின்றார்.

"கவ்வி வழுக்கியிருக்கு. மருந்து போட்ட தாள் சரியாவே இழுபடல. ஒழுங்கா இழுத்தா செல்லு எல்லாம் ஒரே மாதிரிதான் பிரியுது. நானே செஞ்சு பாத்துட்டேன்."

மொய்ரா நுரையை உதறினார். ஈரக் கையோடு உள்ளே போனார். கண்ணாடி வழியே தெரிந்தது: அப்பாவின் பக்கத்தில் பம்ப்பை நிறுத்தினார். அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் நிறுத்தினார். நர்ஸிடம் வேறு மருந்தைச் சொன்னார். கடைசியாகத்தான் திரும்பி வந்தார்.

"எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமை."

தொட்டியில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மொய்ரா அதை மூடினார்.

"வெள்ளிக்கிழமை நான் உங்கம்மாகிட்ட பேசினப்போ நீங்க எனக்குப் பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"கொஞ்ச நேரம் முன்னாடி உங்களை நேராவே கேட்டேன்."

"ஆமா, மொய்ரா."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். மொய்ரா அவளை அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உங்க கவ்வி வழுக்கினதுக்கு உங்களை யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க. அது எந்த லேப்லயும் நடக்கும்" என்றார். மற்றதைச் சொல்லவில்லை. "மிசஸ் ஓட்வேகிட்ட இப்பவே சொல்லணும்."

"நான் சொல்றேன்."

"நானும் வர்றேன். உங்களுக்குத் துணையா இல்ல. அவங்களுக்கு."

* * *

தனியறைக்குப் போய்ப் பேசலாம் என்றார் மொய்ரா. மேரியன் ஓட்வே நகரவில்லை.

"தனியறைக்குக் கூட்டிட்டுப் போனா நல்ல சேதி சொல்ல மாட்டாங்க. இங்கயே சொல்லுங்க. இவங்க எல்லாம் நேத்துல இருந்து எனக்குச் சோறு போடறவங்க."

அம்மாவும் ஐ.சி.யூ.விலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும், "அப்பாவுக்கு என்ன?" என்றாள்.

"அப்பா அப்படியேதான் இருக்கார், அம்மா. நான்... வேற ஒண்ணு சொல்லணும்."

தட்டுகளின் சத்தம் நின்றது.

தெலேசியா சொன்னாள். ரப்பர் தாள், கவ்வி, வியாழக்கிழமை. மாநாடுகளில் ஒரு தடவைகூடத் தடுமாறாதவள் இங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கினாள். மருந்தால் பலன் இல்லை என்றாள். பிரஷர் இறங்கினதுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றாள். எனக்கு முன்னாலேயே தெரியும் என்றாள். அந்த இடத்தில் மட்டும் குரல் தரையோடு போய்விட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவருக்குக் காது கேட்கவில்லை. "என்ன சொல்றா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். பக்கத்திலிருந்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

மேரியன் மொய்ராவைப் பார்த்தாள். "இப்போ நிறுத்தியாச்சா?" என்றாள்.

"நிறுத்தியாச்சு" என்றார் மொய்ரா.

"கிளைவ் பொழைப்பாரா?"

"மருந்து உடம்பை விட்டுப் போறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கறோம். கிட்னி எப்படி இருக்குன்னு நாளைக்குத்தான் தெரியும். உறுதியா சொல்ல முடியாது."

மேரியன் தெலேசியாவின் பக்கம் திரும்பினாள். கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது.

"உங்கப்பாவுக்கும் இதையேதானே கொடுத்தீங்க?"

"ஆமா."

"பலிக்காதுன்னு தெரிஞ்சே?"

"...ஆமா."

"சொந்த அப்பாவுக்கா?"

தெலேசியா தலையைக் குனிந்தாள். தரை விரிப்பில் ஒரு கறை இருந்தது. அதையே பார்த்தாள். யாரோ அலுமினியத் தட்டுகளை ஒவ்வொன்றாக மூடும் சத்தம் கேட்டது. காலையில் அவள் தோளை அழுத்திய கை எதுவென்று அவளுக்குத் தெரியாது. அது இந்த அறையில்தான் எங்கேயோ இருக்கிறது.

யாகோபோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"தெலே" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. "வண்டியில வரும்போது உன்னைக் கேட்டேனே."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியது.

அம்மாதான் அசையாமல் நின்றாள். மகளையே பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் எப்போது அணைந்தது என்று தெலேசியாவால் சொல்ல முடியவில்லை. எதற்குப் பயந்து மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அது இப்படிச் சத்தமே இல்லாமல் நடந்து முடிந்திருந்தது.

"அம்மா..."

அம்மா நாற்காலிப் பக்கம் போனாள். தலையில் இருந்த தொப்பியை ஊசி ஊசியாகக் கழற்றினாள். நாற்காலியில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கே மடித்து வைத்திருந்த வெள்ளைப் போர்வை ஒன்றை எடுத்து உதறினாள். மேரியன் ஓட்வேயின் எதிரில் வந்து, முட்டி வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

சமோவாவில் என்றால் நெய்த பாயாக இருக்கும். விடியலில் வந்து, கேடு செய்யப்பட்டவர்களின் வீட்டு வாசலில், வெயிலானாலும் மழையானாலும் உட்கார்ந்திருப்பார்கள். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். காது கேட்காத கிழவருக்கும் புரிந்துவிட்டது.

மேரியன் பதறிப் பின்னால் நகர்ந்தாள். "ஒலிதா! என்ன பண்றீங்க? எந்திரிங்க. யாராவது அவங்களை எழுப்புங்களேன்!"

யாரும் எழுப்பவில்லை. யாகோபோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"மன்னிப்புக் கேக்கறாங்க, மேடம். எங்க பக்கத்து வழக்கம்" என்றான். "நீங்க மன்னிச்சுட்டீங்கன்னா அந்தப் போர்வைய எடுத்து விடணும். மனசு வரலேன்னா எடுக்க வேண்டாம். நாங்க தப்பா நினைக்க மாட்டோம்."

"ஆனா அவங்க எதுவுமே பண்ணலையே! அவங்களுக்கே தெரியாதே!"

போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உங்களை நம்ப வெச்சது என் வாய்."

தெலேசியா ஓடி வந்து அம்மாவின் பக்கத்தில் முட்டி போட்டாள். போர்வையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழையப் பார்த்தாள். உள்ளே இருட்டாக இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்.

உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வெளியே தள்ளியது.

"நீ உள்ள வராதே."

"அம்மா, நான்தானே..."

"நீதான். அதனாலதான் சொல்றேன். போர்வை எனக்கு. நீ வெளிய உக்காரு. முகத்தை மூடாதே. அவங்க பாக்கட்டும்."

தெலேசியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்தாள். மேரியன் ஓட்வேயின் கண்களைப் பார்த்தாள். வாழ்க்கையில் இதுவரை செய்த எதுவும் அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. பார்வையைத் திருப்பலாம் என்று ஒவ்வொரு நொடியும் தோன்றியது. திருப்பவில்லை.

மேரியன் குனிந்தாள். காய்த்த கை போர்வையை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது.

அப்போது ஐ.சி.யூ. கதவு திறந்தது. ஒரு நர்ஸ் வேகமாக வந்தாள்.

"மிசஸ் ஓட்வே, உள்ள வர்றீங்களா? உடனே. டாக்டர், நீங்களும்."

மேரியனின் கை பின்னால் போனது. ஒரு வார்த்தை பேசாமல், சேற்று பூட்ஸ் தரையில் தடதடக்க, மொய்ராவுக்குப் பின்னால் ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

யாரும் போர்வையைத் தொடவில்லை.

"அம்மா" என்றான் யாகோபோ கொஞ்ச நேரம் கழித்து. "அவங்க போயிட்டாங்க. எந்திரி. முட்டி வலிக்கும்."

"அவங்க திரும்பி வரட்டும்" என்றாள் அம்மா உள்ளிருந்து.

தெலேசியா மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.